ஸ்லாக்லைனை எவ்வளவு இறுக்கிக் கட்டுவது: வன்னியில் புதிதாகத் தொடங்குவோருக்கான வழிகாட்டி

இரண்டு மரங்களுக்கிடையே தட்டையான பட்டியொன்றை முழங்கால் உயரத்தில் இழுத்துக் கட்டி, அதன்மேல் சமநிலை குலையாமல் நடப்பதே ஸ்லாக்லைன். கழைக்கூத்தாடியின் கயிறு விறைத்து நிற்கும். அவருடைய கையில் நீண்ட கழியும் இருக்கும். ஸ்லாக்லைனில் கழி இல்லை. நடப்பவருடைய பாரத்தால் பட்டி கீழே தொய்ந்து, பக்கவாட்டிலும் ஆடுவதால், அவர் தம்முடைய உடலை மட்டுமன்றிக் காலுக்குக் கீழே அசையும் பட்டியையும் சேர்த்தே ஆளவேண்டியிருக்கிறது. எனவே பட்டியை எவ்வளவு இறுக்குவது என்பது கற்றலின் முதல் நாளிலேயே முடிவுசெய்ய வேண்டிய விடயமாகும்.

இந்த விளையாட்டு அமெரிக்காவின் யொசெமிற்றிப் பள்ளத்தாக்கில், 1980ஆம் ஆண்டையொட்டிய காலத்தில், மலையேறுவோரிடையே வளர்ந்தது. அவர்கள் தங்களிடமிருந்த 25 மில்லிமீற்றர் அகலமான ஏறுபட்டியை, கொக்கிகளினூடாகச் சில சுற்றுகள் ஓடவிட்டுக் கையால் இழுத்தே கட்டினார்கள். 1985இல் ஸ்கொட் பல்கம் என்பவர் அதே பள்ளத்தாக்கின் லொஸ்ட் ஆரோ பாறைமுனைக்குப் பட்டியில் நடந்து சென்றார். 50 மில்லிமீற்றர் பட்டியும், லொறிச் சரக்கைப் பல் பல்லாக இறுக்கப் பயன்படும் ரச்செட் என்னும் கைபிடிக் கருவியும் சேர்ந்த தொகுதிகள் பின்னரே பரவலாகின. இந்த மாற்றம் தொடக்கக்காரருக்கு வசதியைக் கொடுத்த அதே வேளையில் ஓர் ஆபத்தையும் கொண்டுவந்தது. முன்னர் பலர் சேர்ந்து முயன்று பெற்ற இழுவையை இன்று ஒருவர் தனியாகவே ஒரு கைபிடியைக் கொண்டு ஏற்றிவிடலாம். ஏற்றியவருக்கு எவ்வளவு ஏற்றினோம் என்பது தெரிவதில்லை.

பட்டியைச் சுண்டிப் பார்ப்பதாலோ, உள்ளங்கையால் அழுத்திப் பார்ப்பதாலோ, இனி அசையாது என்னும் வரை ரச்செட்டை இழுப்பதாலோ சரியான இழுவை கிடைக்காது. ஆளொருவர் நடுவில் இருக்கும்போது பட்டி எவ்வளவு கீழே இறங்குகிறது என்பதை அளந்து பார்ப்பதே நம்பத்தக்க வழி. இறங்கும் அந்த அளவை இங்கே தொய்வு என்று குறிப்பிடுகிறேன்.

தொய்வை அளந்தால் இழுவை தெரியும்

இரு மரங்களுக்கும் இடைப்பட்ட தூரத்தைத் தொய்வால் வகுத்து, வரும் விடையை நான்கால் வகுத்து, நடுவில் இருப்பவருடைய எடையால் பெருக்கினால், அந்த நேரத்தில் பட்டியில் உள்ள இழுவை ஏறக்குறையக் கிடைத்துவிடும். இடைத்தூரம் 8 மீற்றர், தொய்வு 40 சென்ரிமீற்றர், ஆளின் எடை 60 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 8 மீற்றரில் 40 சென்ரிமீற்றர் இருபது தடவை அடங்கும். இருபதின் காற்பங்கு ஐந்து. ஆகவே இழுவை 60 கிலோவின் ஐந்து மடங்கு, அதாவது 300 கிலோ பாரம். பெட்டிகளிலும் லேபல்களிலும் இது கிலோநியூற்றன் என்னும் அலகில் எழுதப்பட்டிருக்கும். 100 கிலோ பாரத்தை ஒரு கிலோநியூற்றன் என்று எடுத்துக்கொண்டால் நம்முடைய தேவைக்குப் போதும். அந்த 300 கிலோ இரண்டு மரங்களுக்கும் பங்கிடப்படுவதில்லை என்பதைக் கவனிக்கவேண்டும். ஒவ்வொரு மரமும் முழு 300 கிலோவையும் தாங்குகிறது.

இதே ஆளுக்கு இதே இடைத்தூரத்தில் தொய்வை 20 சென்ரிமீற்றராகக் குறைத்தால் இழுவை 600 கிலோவாகிவிடும். 10 சென்ரிமீற்றராக்க முயன்றால் 1200 கிலோ. பட்டி சற்றும் இறங்கக்கூடாது என்று விரும்புபவர் எல்லையில்லாத இழுவையைக் கேட்கிறார். அத்தகைய இழுவையை எந்த மரமும் எந்தப் பட்டியும் தரமுடியாது. கொஞ்சம் இறங்குவதை ஏற்றுக்கொள்வதே பாதுகாப்பின் அடிப்படை.

தொய்வு இன்னொன்றையும் தீர்மானிக்கிறது. நடுவில் நிற்கும் ஒருவர் பக்கவாட்டில் ஆடும்போது, அவர் தொய்வின் அளவுள்ள நீளத்தில் தொங்கும் ஊஞ்சலைப் போலவே ஆடுகிறார்: கயிறு குறுகினால் ஆட்டம் படபடவென்றிருக்கும், நீண்டால் ஆறுதலாக இருக்கும். தொய்வு 20 சென்ரிமீற்றராயின் ஒரு முழு ஆட்டத்துக்கு ஏறக்குறைய 0.9 விநாடி எடுக்கும். 40 சென்ரிமீற்றராயின் 1.3 விநாடி, 80 சென்ரிமீற்றராயின் 1.8 விநாடி. மிக இறுக்கிய பட்டியில் கால் வேகமாக நடுங்குவதும், அந்த நடுக்கத்தை உடல் திருத்தப் புறப்படுவதற்குள் பட்டி மறுபக்கம் போய்விடுவதும் இதனாலேயே. மிகத் தளர்ந்த பட்டியிலோ ஆட்டம் மெதுவாக இருந்தாலும் பட்டி காலுக்குக் கீழிருந்து அதிகத் தூரம் விலகிப்போகும். மேலும் நடுவிலிருந்து மரத்தை நோக்கி நடப்பது மேடேறுவது போலாகிவிடும். புதியவருக்கு 30 முதல் 40 சென்ரிமீற்றர் வரையான தொய்வு பொருத்தமானது என்று நான் கருதுவது இந்த இரண்டு தொல்லைகளுக்கும் நடுவில் அது இருப்பதாலேயே.

இங்கே ஒரு முக்கியமான விளைவு தோன்றுகிறது. ஆட்டத்தின் வேகத்தைத் தீர்மானிப்பது தொய்வுதான், இடைத்தூரம் அன்று. ஆனால் அந்தத் தொய்வைப் பெறுவதற்கு எவ்வளவு இழுவை வேண்டும் என்பதை இடைத்தூரமே தீர்மானிக்கிறது. 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு 40 சென்ரிமீற்றர் தொய்வு கிடைக்க, 6 மீற்றரில் 225 கிலோ போதும். 12 மீற்றரில் 450 கிலோ வேண்டும். 20 மீற்றரில் 750 கிலோ வேண்டும். வளவில் தூரமாக நிற்கும் இரண்டு நல்ல மரங்களைக் கண்டவுடன் அவற்றுக்கிடையே கட்டவேண்டும் என்ற ஆசை எவருக்கும் வரும். அந்த ஆசையைச் சில மாதங்களுக்குத் தள்ளிவைத்து, 6 முதல் 8 மீற்றர் வரை இடைவெளியுள்ள மரங்களைத் தேடுவதே நல்லது.

மரமும் நிலமும்

வன்னியில் மரத்துக்குப் பஞ்சமில்லை என்றாலும் எல்லா மரமும் இதற்கு உதவாது. மார்பளவு உயரத்தில் சுற்றளவு குறைந்தது ஒரு மீற்றராவது இருக்கவேண்டும். அளவுநாடா இல்லையென்றால் கயிறொன்றைச் சுற்றி அளந்து பார்க்கலாம். முற்றிய வேம்பு, புளி, மா, பாலை, வீரை ஆகியவை நன்றாகத் தாங்கும். குளங்களையும் ஆறுகளையும் அண்டி நிற்கும் பெரிய மருதமரங்களும் உறுதியானவை. முருங்கையும் பப்பாசியும் எவ்வளவு பருத்திருந்தாலும் பட்டி கட்டுவதற்குரியவை அல்ல. கடற்கரையோரச் சவுக்கு மரங்கள் பெரும்பாலும் ஒல்லியானவை. 2009க்குப் பிறகு மீள்குடியேறியவர்கள் தங்கள் வளவுகளில் நட்ட மாவும் பலாவும் இப்போது நிழல் தருமளவுக்கு வளர்ந்திருந்தாலும், அவற்றில் பல இன்னும் அந்த ஒரு மீற்றர்ச் சுற்றளவை எட்டவில்லை. அவற்றுக்கு இன்னும் சில ஆண்டுகள் கொடுக்கவேண்டும். போரின்போது ஷெல் துண்டுகள் பாய்ந்த பழைய மரங்களில் வெளியே பட்டை மூடியிருந்தாலும் உள்ளே உக்கல் இருக்கக்கூடும். அடிமரத்தைத் தட்டும்போது பொந்தான ஓசை கேட்டாலோ, காளான் முளைத்திருந்தாலோ, வெடிப்பு இருந்தாலோ அந்த மரத்தை விட்டுவிடுங்கள்.

தென்னையும் பனையும் தனியாகச் சொல்லத்தக்கவை. மற்ற மரங்களைப் போல இவற்றின் தண்டில் ஏற்படும் காயம் வளர்ந்து மூடுவதில்லை. ஒருமுறை உராய்ந்த இடம் உராய்ந்தபடியே இருக்கும். தேங்காயும் மட்டையும் விழக்கூடிய இடத்தின் கீழ் ஒருவரை நெடுநேரம் நிற்கவைப்பதும் சரியன்று. வேறு மரம் கிடைக்குமானால் இவற்றைத் தவிர்ப்பதே என் பரிந்துரை.

எந்த மரமாயினும் பட்டையைக் காக்கவேண்டும். உரப்பையையோ சாக்கையோ நான்காக மடித்து, அல்லது பழைய தரைவிரிப்புத் துண்டொன்றை வெட்டி, மரத்தைச் சுற்றி வைத்து, அதன் மேலேயே, நடக்கும் பட்டியை மரத்தோடு இணைக்கும் சுற்றுப்பட்டியைப் போடவேண்டும். முந்நூறு கிலோ இழுவையில் மெல்லிய பட்டி வெறும் மரத்தில் அழுந்தி உராயும்போது, பட்டைக்குக் கீழே சத்தைக் கொண்டுசெல்லும் அடுக்கு நசுங்கிவிடுகிறது. நாளாக நாளாக மரமே வாடக்கூடும்.

சீமெந்து வேலித் தூண், மதில் தூண், கிணற்றுக் கப்பித் தூண், பாடசாலை மைதானத்தின் கரப்பந்துத் தூண், உதைபந்துக் கம்பம் ஆகியவற்றில் கட்டவே கூடாது. வலையொன்றை இழுத்துப் பிடிப்பதற்காக நாட்டிய கரப்பந்துத் தூண், பல நூறு கிலோ பக்க இழுவைக்காக நாட்டப்பட்டதன்று. மின்கம்பத்தில் கட்டுவது உயிராபத்து. குளக்கட்டில் இரும்பு முளை அறைந்து கட்டுவதும் கூடாது. அந்தக் கட்டு ஊரின் வயலுக்கும் கிணற்றுக்கும் உரியது.

நம்முடைய நிலத்துக்கே உரிய எச்சரிக்கை ஒன்றையும் எழுதவேண்டியிருக்கிறது. மரம் தேடுகிறோம் என்று பற்றைக்காடுகளுக்குள்ளும் கைவிடப்பட்ட வளவுகளுக்குள்ளும் நுழையக்கூடாது. கண்ணிவெடி எச்சரிக்கையாக மண்டையோட்டுக் குறியுள்ள சிவப்புப் பலகை இருக்கும் இடத்தைத் தாண்டவே கூடாது. பலகை இல்லை என்பதாலேயே ஓரிடம் பாதுகாப்பானது என்றும் எடுத்துக்கொள்ளக்கூடாது. நாள்தோறும் மனிதர் நடமாடும் வீட்டு வளவு, கோயில் வீதி, பாடசாலை வளாகம் ஆகியவற்றை, உரியவர்களிடம் கேட்டுக்கொண்டு பயன்படுத்துங்கள். இனந்தெரியாத இரும்புப் பொருள் எதையேனும் கண்டால் தொடாமல், வந்த அடியிலேயே திரும்பிச் சென்று பொலிஸாருக்கோ கிராம அலுவலருக்கோ அறிவியுங்கள்.

பட்டிக்கு இருபுறமும் குறைந்தது இரண்டு மீற்றர் அகலத்துக்கு நிலத்தைத் துப்புரவாக்கவேண்டும். கல், வேர், பொச்சுமட்டை ஆகியவற்றோடு பனையின் கருக்குமட்டையையும் பொறுக்கி அகற்றவேண்டும், ஏனெனில் விழுபவர் கையை ஊன்றுவது அதன்மேலாக இருந்தால் ஆழமாக வெட்டிவிடும். கோடையில் இறுகிக் கிடக்கும் செம்மண்ணை மண்வெட்டியால் சற்றுக் கொத்தி, கிடைக்குமானால் மணல் பரப்புவது நல்லது.

வாங்கும்போது பார்க்கவேண்டியது

50 மில்லிமீற்றர் அகலமான பொலியெஸ்டர் பட்டியுடன் தொடங்குங்கள். நைலோன் பட்டி அதிகமாக நீளும். நனைந்தால் இன்னும் நீளும். அதனால் காலையில் பனியிலும் மதியம் வெயிலிலும் அது ஒரே தொய்வைத் தராது. பட்டியிலோ ரச்செட்டிலோ தைக்கப்பட்ட லேபலில் முறிவு வலிமை எழுதப்பட்டிருக்கும். நீங்கள் கணக்கிட்ட இழுவையைப் போல் ஐந்து மடங்காவது அது இருக்கவேண்டும். 300 கிலோ இழுவைக்கு 1500 கிலோ, அதாவது 15 கிலோநியூற்றன். ஐந்து மடங்கு எதற்கென்றால், துள்ளும்போதும் விழும்போதும் இழுவை சட்டென்று கூடுவதும், வெயிலால் பட்டியின் வலிமை காலப்போக்கில் குறைவதும் கணக்கில் வராதவை. சங்கிலியில் எந்தக் கண்ணி மிகவும் மெலிந்ததோ அதுவே முழுத் தொகுதியின் வலிமை என்பதால், சுற்றுப்பட்டி, கொக்கி, ரச்செட் ஒவ்வொன்றினதும் எண்ணைப் பார்க்கவேண்டும். லேபல் இல்லாத பட்டியை, அது எவ்வளவு தடிப்பாக இருந்தாலும், ஆள் ஏறுவதற்குப் பயன்படுத்தாதீர்கள்.

இறுக்கும் முறை

முதலில் இடைத்தூரத்தை அளந்து, அன்று ஏறப்போகிறவர்களின் எடையைக் கேட்டு, விரும்பும் தொய்வை முடிவுசெய்து, மேலே சொன்ன கணக்கைப் போடுங்கள். பின்னர் கட்டும் உயரத்தைத் தீர்மானியுங்கள். தொய்வோடு இன்னும் 20 சென்ரிமீற்றரைக் கூட்டினால், நடுவில் நிற்பவருடைய பட்டி நிலத்தில் முட்டாது. 40 சென்ரிமீற்றர் தொய்வுக்கு 60 சென்ரிமீற்றர் உயரம் சரியாகும். அதற்குமேல் உயர்த்தத் தேவையில்லை, ஏனெனில் உயரம் கூடக்கூட விழுகையும் கடுமையாகும். இழுவை மரத்தின் அடியைப் புரட்டும் வலுவும் கூடும்.

சுற்றுப்பட்டிகளை இரு மரங்களிலும் ஒரே உயரத்தில் போடுங்கள். மரத்தை விட்டு வெளியே வரும் சுற்றுப்பட்டியின் இரண்டு கைகளும் கூடியவரை ஒடுங்கிய கோணத்தில் சந்திக்கவேண்டும். அவை அகன்று 120 பாகையில் சந்தித்தால் ஒவ்வொரு கையும் முழு இழுவையையும் தாங்கவேண்டிவரும். பருத்த மரத்துக்குக் குட்டையான சுற்றுப்பட்டியைப் போடுபவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

ரச்செட்டின் கைபிடி நிலத்தைப் பார்த்திருக்குமாறு வைத்து, பட்டியை உருளையின் பிளவினூடாகச் செருகி, முதலில் கையாலேயே தளர்வு முழுவதையும் இழுத்தெடுங்கள். பட்டி முறுக்கின்றித் தட்டையாக உருளையில் ஏறவேண்டும். குறைந்தது இரண்டு முழுச் சுற்றுகள் உருளையில் இருக்கவேண்டும், இல்லையேல் பட்டி வழுக்கும். கையால் இழுக்காமல் எல்லாத் தளர்வையும் உருளையிலேயே சுற்றினால் அது நிரம்பி நெரிந்து, பிறகு கழற்றவே முடியாமற் போகும். கைபிடியில் இரும்புக் குழாயைச் செருகி நீளமாக்கி இழுப்பது வேண்டாம். ஒருவருடைய கைவலு போதாத இடத்தில் ரச்செட் தன் எல்லையைச் சொல்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு சுற்றுகள் ஏறியவுடன் நிறுத்தி அளக்கவேண்டும். மேசன்மார் பயன்படுத்தும் நூலை ஒரு சுற்றுப்பட்டியிலிருந்து மற்றதற்கு, பட்டிக்குச் சற்றுப் பக்கமாக, விறைப்பாகக் கட்டுங்கள். நீளமான கம்பொன்றில் 10 சென்ரிமீற்றருக்கொரு கோடு கீறிக்கொள்ளுங்கள். ஒருவர் பட்டியின் நடுவில் இரண்டு கால்களையும் நிலத்தை விட்டுத் தூக்கி உட்காரட்டும். நிற்கவேண்டியதில்லை, உட்கார்ந்தாலும் பாரம் ஒன்றுதான். நூலிலிருந்து பட்டி எவ்வளவு கீழே இருக்கிறது என்பதைக் கம்பால் அளந்தால் அதுவே தொய்வு. கூடுதலாக இருந்தால் ஆளை இறக்கிவிட்டு, ரச்செட்டை இரண்டு மூன்று பற்கள் இழுத்து, மீண்டும் உட்காரவைத்து அளவிடுங்கள். ஆள் ஏறியிருக்கும்போது இறுக்கவோ தளர்த்தவோ கூடாது.

விரும்பிய அளவு வந்ததும் கைபிடியை முழுதாக மடித்துப் பூட்டவேண்டும். அதன்பின் மரத்துக்கும் ரச்செட்டின் உடலுக்கும் இடையே உறுதியான கயிறொன்றைச் சற்றே தளர்வாகக் கட்டிவையுங்கள். சுற்றுப்பட்டியோ கொக்கியோ அறுந்தால் ரச்செட் ஆளை நோக்கிப் பறக்காமல் அந்தக் கயிறு பிடித்துக்கொள்ளும். இந்தக் கயிறு கட்டுவதை நேரம் போதாது என்று எவரும் தவிர்க்கக்கூடாது; விளையாட்டில் பாரிய காயம் விழுவதால் மட்டுமன்று, பறக்கும் இரும்பாலும் ஏற்படும்.

முதற் பத்து நிமிடங்களில் சுற்றுப்பட்டிகள் மரத்தில் அமர்ந்து, பட்டியும் சிறிது நீண்டு, தொய்வு கூடியிருக்கும். மீண்டும் அளந்து ஓரிரு பற்கள் இறுக்குவது வழக்கமானதே. அதற்குப் பின்னும் தொடர்ந்து தளர்ந்துகொண்டேயிருந்தால் ஏதோ வழுக்குகிறது, அல்லது மரம் அசைகிறது. இறுக்குவதை நிறுத்திக் காரணத்தைத் தேடுங்கள்.

ஒரே பட்டியில் பல எடையினர்

வீட்டில் தகப்பனும் பிள்ளைகளும் சேர்ந்து பழகும்போது ஒரு சிக்கல் வரும். 80 கிலோ எடையுள்ளவருக்கு 40 சென்ரிமீற்றர் இறங்கும் பட்டி, 35 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு அதில் பாதியளவே இறங்கும். எனவே தகப்பனுக்கு ஆறுதலாக ஆடும் அதே பட்டி பிள்ளையின் காலுக்குக் கீழே துடிக்கும். தனக்கு வரவில்லை என்று பிள்ளை ஒதுங்கிவிடுவது பெரும்பாலும் இதனாலேயே. மாறாக, பிள்ளைக்கென்று தளர்த்திய பட்டியில் பெரியவர் ஏறினால் நிலம் முட்டும்.

ரச்செட்டில் இறுக்குவது பல் பல்லாக நடக்கும், ஆனால் தளர்த்துவது ஒரேயடியாக நடக்கும். ஆகவே எடை குறைந்தவர்களை முதலில் ஏற்றி, அவர்கள் பழகி முடிந்தபின் ஒவ்வொரு பல்லாக இறுக்கி, எடை கூடியவர்களைக் கடைசியில் ஏற்றுவதே சிறந்த ஒழுங்கு. பட்டி கட்டிய நேரம் முழுவதும் பெரியவர் ஒருவர் அருகில் இருக்கவேண்டும்.

நடக்கத் தொடங்குபவர் ரச்செட் உள்ள பக்கத்தை விட்டு, மறுபக்கத்து மரத்திலிருந்து மூன்றிலொரு பங்கு தூரத்தில் ஏறட்டும். முழங்காலைச் சற்று மடித்து, எதிர்மரத்தில் ஓரிடத்தைப் பார்த்தபடி, ஒற்றைக் காலில் நிற்பதையே முதலில் பழகவேண்டும். ஒற்றைக் காலில் அமைதியாக நிற்க வந்த பிறகு, இறுக்கத்தைக் கூட்டாமல் தொய்வைச் சிறிது சிறிதாக அதிகரித்துப் பழகினால் உடல் விரைவாகத் தேறும் என்பது என் உறுதியான கருத்து.

காற்று, மழை, கழற்றல்

சோளகக் காற்று வீசும் மாதங்களில் தட்டையான பட்டி காற்றைப் பிடித்து அதிரும். இறுக்குவதால் அது நிற்காது. பட்டியைக் கட்டும்போதே ஒருமுறை முறுக்கிவிட்டால் அதிர்வு பெரிதும் அடங்கும். ஐப்பசி தொடங்கி மாரி பெய்யும் காலத்தில் வேர்ப்பிடி இளகியிருப்பதால், நேற்றுத் தாங்கிய மரம் இன்றும் அதேபோல் தாங்கும் என்று நம்பாமல், இறுக்கும்போது அடிமரத்தைச் சுற்றி மண் பிளக்கிறதா என்று ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கவேண்டும்.

பொழுதுபடுமுன் பட்டியைக் கட்டாயம் கழற்றவேண்டும். மாலையில் தொழுவத்துக்குத் திரும்பும் மாடுகளுக்கும், விளக்கில்லாத சைக்கிளில் வருபவருக்கும் முழங்கால் உயரத்தில் நிற்கும் பட்டி கண்ணில் படாது. காட்டை அண்டிய ஊர்களில் யானையும் வரும். பகலிலும் நடுவில் நிறத்துணி ஒன்றைக் கட்டித் தொங்கவிடுங்கள்.

கழற்றும்போது எல்லோரையும் பட்டியின் நேர்கோட்டிலிருந்து விலகி நிற்கச் செய்யுங்கள். சாரத்தின் நுனி, சால்வை, தலைமயிர், விரல் எதுவும் உருளைக்கு அருகில் இருக்கக்கூடாது. பூட்டை இழுத்துப் பிடித்தபடி கைபிடியைத் தட்டையாகும் வரை முழுதாகத் திறந்தால், இழுவை முழுவதும் ஒரு சத்தத்தோடு விடுபடும். பின்னர் பட்டியின் இரு விளிம்புகளையும் விரல்களுக்கிடையே ஓடவிட்டுப் பாருங்கள்: நூல் பிரிந்த இடம், உருகி விறைத்த இடம், நிறம் வெளுத்துப் பொருக்காகிய இடம் இருந்தால் அந்தப் பட்டி இனி ஆள் ஏறுவதற்கு உதவாது. ரச்செட்டின் பற்களில் படிந்த செம்மண்ணைப் பழைய பற்தூரிகையால் தட்டி அகற்றி, நனைந்த பட்டியை நிழலில் உலரவிட்டு, வெயில் படாத இடத்தில் சுருட்டி வையுங்கள். அன்று கட்டிய இடைத்தூரம், ஏறியவரின் எடை, கிடைத்த தொய்வு ஆகிய மூன்றையும் கொப்பியொன்றில் குறித்துவைத்தால், அடுத்த முறை அதே மரங்களில் கட்டும்போது எந்த அளவிலிருந்து தொடங்குவது என்பது தெரிந்திருக்கும்.